கொதிகலன் குழாயில் ஒரு மீயொலி உணரி: முனைவர் ஆய்வு கற்றுத் தந்தவை

காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலியை அனுப்பி அளக்கும் மீயொலி உணரிகளில் முனைவர் ஆய்வு செய்ய வரும் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, அந்த ஒலியை எழுப்ப எந்தப் படிகத்தை வாங்கலாம் என்பதுதான். நான் பதிலுக்கு வேறொன்றைக் கேட்பேன். உங்கள் உணரி செத்துப்போனால் அது உங்களுக்கு எப்படித் தெரியவரும்?

வெப்பமோ குளிரோ கதிர்வீச்சோ மிகுந்த இடத்தில் ஓர் உணரியைப் பொருத்திவிட்டு வருகிறோம். குழாயின் சுவரில் மாற்றம் எதுவும் இல்லை என்று அது மாதக்கணக்கில் சொல்கிறது. குழாய் உண்மையிலேயே நன்றாக இருப்பதால் அப்படிச் சொல்லலாம். உணரிக்கும் குழாய்க்கும் இடையில் இருந்த இணைப்பு விட்டுப்போய், உள்ளே போகவேண்டிய ஒலி போகாமலே திரும்புவதாலும் அப்படிச் சொல்லலாம். அறை வெப்பநிலையில் சந்தேகம் வந்தால் உணரியைக் கழற்றிப் பார்த்துவிடலாம். ஆளே நெருங்க முடியாத இடத்தில் அது நடக்காது. என் ஆய்வின் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விக்குத்தான் செலவாயிற்று. இனி வருகிறவர்கள் முதல் ஆண்டிலேயே இதை மனதில் போட்டுக்கொண்டால் நிறைய மிச்சமாகும் என்பதால் எழுதுகிறேன்.

அடிப்படை எளிமையானது. எஃகில் நெட்டலையாக, அதாவது போகும் திசையிலேயே அதிரும் அலையாகப் போகும் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் வேகத்தில் போகிறது. 10 மில்லிமீட்டர் கனமுள்ள சுவருக்குள் ஒரு துடிப்பை அனுப்பினால், அது மறுபக்கத்தில் மோதித் திரும்பிவர 3.4 மைக்ரோ வினாடி ஆகும். அந்த நேரத்தை அளந்தால் சுவரின் கனம் தெரிந்துவிடும். சுவர் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் நேரம் 34 நானோ வினாடி குறையும். இன்றைய மின்னணுக் கருவிகளுக்கு இது பெரிய காரியமே அல்ல. ஆலைகளில் கனம் அளக்க வருபவர்கள் கையடக்கக் கருவியோடு நாள்தோறும் செய்யும் வேலைதான் இது. சூடு வந்ததும் எல்லாம் மாறிப்போகிறது.

கடுஞ்சூழல் என்றால் விண்வெளியையும் ஆழ்கடலையும் நினைக்கிறோம். திருநெல்வேலிச் சீமைக்குள்ளேயே அத்தனை வகையும் இருக்கின்றன. ராதாபுரம் தாலுகாவில் கூடங்குளம் அணுமின் நிலையம். அங்குள்ள வகை உலைகளில் முதல் சுற்றுத் தண்ணீர் ஏறக்குறைய 157 பார் அழுத்தத்தில், 320 டிகிரி செல்சியஸில் உலையைவிட்டு வெளியேறுகிறது. அதற்கு மேற்கே மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். அங்கே கிரையோஜெனிக் எஞ்சின்களுக்குத் தேவையான திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியிலும், திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியிலும் கையாளப்படுகின்றன. தாழையூத்து சங்கர் நகரில் 1949-ல் தொடங்கிய சிமெண்ட் ஆலை இருக்கிறது. சிமெண்ட் சூளைக்குள் கிளிங்கர் (அரைத்தால் சிமெண்டாகும் கட்டி) உருவாக 1,450 டிகிரி வேண்டும். பணகுடியிலிருந்து கடற்கரை வரை ஆடிக்காற்றில் அதிரும் காற்றாலைக் கோபுரங்களும், உவரி, இடிந்தகரைப் பக்கத்து உப்புக்காற்றில் அரிபடும் இரும்பும் தனிக்கதை.

இவற்றில் எதைக் களமாக எடுப்பது? பெரிய இடங்கள் எல்லாமே பாதுகாக்கப்பட்ட வளாகங்கள். அங்கே வேலை செய்பவர்களுடன் கூட்டு ஆய்வு அமைந்தால் நல்லது. அது அமையும் என்று நம்பி உதவித்தொகைக் காலத்தைக் கரைக்கக் கூடாது. நினைத்த நேரத்தில் நடந்து போய்ப் பார்க்கக்கூடிய ஒரு களம் ஆய்வாளரின் கையில் இருக்கவேண்டும். நான் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரி. எங்கள் பகுதியில் புழுங்கல் அரிசி ஆலைகள் உண்டு. நெல் அவிக்க நீராவி வேண்டும், நீராவிக்குக் கொதிகலன் வேண்டும். அப்படி ஓர் ஆலையின் உரிமையாளர், கொதிகலனிலிருந்து வெளியே வரும் நீராவிக் குழாயின் வளைவு ஒன்றில் உணரி பொருத்த அனுமதித்தார். 10 பார் அழுத்தத்தில் நீராவியின் வெப்பநிலை சுமார் 180 டிகிரி. அணு உலையோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் தினமும் ஏறி இறங்கும் சூடு, அதிர்வு, உமிச்சாம்பல், ஈரம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. ஈர நீராவியில் வரும் நீர்த்துளிகள் வளைவின் வெளிப்பக்கத்தில் மோதி மோதிச் சுவரைத் தேய்க்கும். அளப்பதற்கு உண்மையான தேய்மானமும் அங்கே இருந்தது.

களம் கிடைத்ததும் என் ஆய்வு நாட்காட்டியே மாறிவிட்டது. பிசான அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் ஆலை இரவும் பகலும் ஓடும். அப்போது அளவீடு தொடர்ச்சியாகக் கிடைக்கும், கருவியைத் தொட முடியாது. கார் நெல் வரும் முன்பு வேலை மந்தமாகும். ஆண்டுக்கு ஒருமுறை கொதிகலன் ஆய்வாளர் வருவதற்காகக் கொதிகலனை அணைத்து ஆறவிடுவார்கள். பொருத்துவது, கழற்றுவது, மாற்றுவது எல்லாம் அந்தச் சில நாட்களுக்குள் முடியவேண்டும். பல்கலைக்கழகத்தின் அரையாண்டு அறிக்கைத் தேதிகளுக்கும் இதற்கும் ஒட்டே கிடையாது. களத்தின் பருவத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்ட பிறகே ஆய்வுத் திட்டத்தில் மாதங்களைப் போடுங்கள்.

இனி படிகம். மீயொலியை உண்டாக்குவது அழுத்தமின் பொருள். மின்னழுத்தம் கொடுத்தால் அது விரிந்து சுருங்கும், அழுத்தினால் மின்சாரம் தரும். அதிகம் பயன்படுவது ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் சேர்ந்த பி.இசட்.டி பீங்கான். இத்தகைய பொருள்கள் பலவற்றுக்கும் கியூரி வெப்பநிலை என்று ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் அந்தத் தன்மை போய்விடும், ஆறினாலும் திரும்பாது. பி.இசட்.டி வகைகளுக்கு இது 200 முதல் 350 டிகிரியை ஒட்டி வரும். நீண்டகால உபயோகத்துக்கு அந்த எல்லையில் பாதியை வைத்துக்கொள்வது வழக்கம். பிஸ்மத் டைட்டனேட்டின் எல்லை 650 டிகிரிக்கு மேலும், லித்தியம் நையோபேட்டின் எல்லை 1,100 டிகிரிக்கு மேலும் இருக்கும். அலுமினியம் நைட்ரைடுக்கு இந்த எல்லையே இல்லை. அணு உலைக்குள் வைத்தும் அதைச் சோதித்திருக்கிறார்கள். லித்தியம் நையோபேட்டை அங்கே வைக்கத் தயங்குவார்கள், லித்தியத்தின் ஓர் ஐசோடோப்பு நியூட்ரான்களை வேகமாக விழுங்கும்.

இந்த அட்டவணை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. படிப்பவருக்கு, அதிக எல்லை உள்ள படிகத்தை வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். எங்கள் சோதனைக் கூடத்து மின் உலையில் படிகம் ஒருநாளும் முதலில் சாகவில்லை. அதைச் சுற்றியிருந்தவைதான் செத்தன. கம்பியைப் பற்றவைக்கும் சாதாரண ஈயம்-வெள்ளீயக் கலவை 183 டிகிரியில் உருகிவிடும். நீராவிக் குழாயின் சூட்டுக்கும் அதற்கும் இடைவெளியே இல்லை. டெஃப்லான் உறை போட்ட கேபிள் 260 டிகிரி வரைதான். விலைக்குக் கிடைக்கும் சாதாரணத் தொடு உணரிகளில் உள்ளே இருக்கும் பிசினே 50, 60 டிகிரியைத் தாண்டினால் தளரத் தொடங்கும்.

எல்லாவற்றிலும் மோசமானது ஒட்டு. பீங்கான் குறைவாக விரியும், எஃகு அதிகமாக விரியும். 20 மில்லிமீட்டர் அகலப் படிகத்தை எஃகின் மேல் ஒட்டி 300 டிகிரி சூடேற்றினால், இரண்டின் விரிவுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு வித்தியாசம் வரும். கண்ணுக்குத் தெரியாத அளவு. ஒட்டுக்கு அதுவே மரணம். சூடு ஏறும்போது தாங்கிய ஒட்டு, இறங்கும்போது ஓரத்திலிருந்து பிரியும். பிரிந்த இடத்தில் ஒரு மெல்லிய காற்றுப்படலம் புகுந்தால் போதும், ஒலி அதைத் தாண்டாது. எஃகுக்கும் காற்றுக்கும் ஒலித்தடையில் (ஒலிக்குப் பொருள் காட்டும் எதிர்ப்பில்) அவ்வளவு வேறுபாடு. ஆகவே ஓர் ஒட்டு எத்தனை டிகிரி தாங்கும் என்பதைக் காட்டிலும், எத்தனை முறை ஏறி இறங்கினால் தாங்கும் என்பதுதான் கேள்வி. 400 டிகிரியில் ஒரு வாரம் நிலையாக வைத்துச் சோதித்த முடிவைக் கொண்டு, தினமும் காலையில் மூட்டி இரவில் அணைக்கும் கொதிகலனுக்கு எதுவும் சொல்ல முடியாது.

எங்கள் ஊர் மின்தடை இங்கே ஒரு விதத்தில் உதவியது என்றே சொல்வேன். உலை பாதிச் சூட்டில் அணைந்துபோகும். அந்தச் சோதனையைத் தள்ளிவிட்டு மறுபடி தொடங்கச் சொல்வார்கள். நாங்கள் பதிவுக் கருவிக்கு மட்டும் பேட்டரி இணைப்புக் கொடுத்து, உலை ஆறும்போதும் எதிரொலிகளின் அலைவடிவங்களைத் தொடர்ந்து பதிந்தோம். ஒட்டு எப்போது விடுகிறது என்பதை மிகத் தெளிவாகக் காட்டியவை அந்தத் திட்டமிடாத ஆறுதல்களே. உலைக்கு மின்சாரம் இல்லாவிட்டாலும் பதிவுக் கருவிக்கு இருக்கவேண்டும்.

படிகத்தை நேரடியாகச் சூட்டில் வைக்கும் வழியைக் கைவிட்டு அலைநடத்திக்கு வந்தோம். கொதிக்கும் பாத்திரத்தில் விட்ட கரண்டியின் நீண்ட காம்பைப் பிடித்துக் கிளறுவது போலத்தான் இதுவும். குழாய்க்கும் படிகத்துக்கும் நடுவே ஒரு நீண்ட உலோகக் கம்பி. சூடு கம்பியின் வழியில் ஆறிவிடும், ஒலி மட்டும் போய்வரும். 30 சென்டிமீட்டர் நீளத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை எடுத்தோம். சாதாரண இரும்பைவிட இது வெப்பத்தை மூன்றில் ஒரு பங்குதான் கடத்தும். மறுமுனையில் சாதாரண பி.இசட்.டியே போதுமானதாக இருந்தது. வெளிநாட்டுப் படிகத்துக்காக விலைப்புள்ளி, கொள்முதல் குழு, சுங்கம் என்று காத்திருந்த காலம் இதனால் ஒரு முடிவுக்கு வந்தது. (இறக்குமதிப் பொருள் தேவைப்பட்டால், முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த மாதத்திலேயே விலைப்புள்ளி கேட்டுவிடுங்கள். வேறு அறிவுரை அதில் இல்லை.)

அலைநடத்தி புதிய தொல்லை ஒன்றைக் கொண்டுவந்தது. கம்பிக்குள் போகும் நெட்டலையில் ஒரு பகுதி பக்கச் சுவரில் உரசி, போகும் திசைக்குக் குறுக்கே அதிரும் குறுக்கலையாக மாறி, எதிர்ச் சுவரில் மறுபடி நெட்டலையாகி, சற்றுப் பின்தங்கி வந்து சேரும். ஒரு துடிப்பு அனுப்பினால் அதன் வாலாகப் பல துடிப்புகள் வரிசையாக வரும். 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் கம்பியில் இந்த வால் எதிரொலிகளுக்கு இடையே சுமார் 3.1 மைக்ரோ வினாடி. 10 மில்லிமீட்டர் குழாய்ச் சுவரின் எதிரொலி 3.4 மைக்ரோ வினாடியில் வருவதை மேலே சொன்னேன். அதாவது நாம் தேடுகிற எதிரொலியும் கம்பியின் சொந்த எதிரொலியும் ஏறக்குறைய ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. திரையில் அழகான எதிரொலி தெரியும், அது குழாயுடையதே அல்ல. கம்பியை எதனோடும் தொடாமல் காற்றில் பிடித்துக்கொண்டு ஓர் அலைவடிவம் எடுத்து வைப்பதை, எந்த அலைநடத்தி ஆய்வுக்கும் முதல் விதியாகச் சொல்வேன். குழாயில் வைத்த பிறகு தெரிவதில், காற்றிலும் தெரிந்தது எது என்று கழித்துப் பார்த்தால்தான் உண்மை வெளிவரும்.

வால் எதிரொலிகளை அடக்கக் கம்பியின் பக்கங்களைச் சொரசொரப்பாக்குவது, நுனி நோக்கிச் சற்றுக் கூம்பாகச் சீவுவது, மேலே வேறோர் உலோகப் பூச்சுக் கொடுப்பது என்று வழிகள் உண்டு. நாங்கள் பேட்டை தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். கம்பியின் நீளத்துக்கும் ஆழம் குறைந்த மரை வெட்டித் தரமுடியுமா என்று கேட்டோம். பட்டறைக்காரர் எதற்கு என்று விசாரித்தார். பக்கத்தில் மோதும் ஒலி ஒழுங்காகத் திரும்பாமல் சிதறவேண்டும் என்றோம். அப்படியானால் மரையின் இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லையே என்றார் அவர். எங்கள் கணினி மாதிரியில் நாங்கள் போட்டுப் பார்க்காத யோசனை அது. இடைவெளியை மாற்றி மாற்றி வெட்டிய கம்பிதான் கடைசிவரை சிறப்பாக வேலை செய்தது. ஆய்வேட்டின் நன்றியுரையில் பட்டறையைச் சொன்னதோடு, வடிவமைப்பு அத்தியாயத்திலும் அந்த யோசனை யாருடையது என்று எழுதினேன். பட்டறைகளுக்கு வரைபடத்தை மட்டும் அனுப்பாதீர்கள். நேரில் போய்க் காரணத்தையும் சொல்லுங்கள்.

அடுத்தது, கம்பியைக் குழாயில் சேர்ப்பது. கொதிகலன் சட்டத்தின் கீழ் வரும் அழுத்தக் குழாயில் நினைத்தபடி பற்றவைக்க முடியாது, கூடவும் கூடாது. பட்டை போட்டு போல்ட் இறுக்கித்தான் அழுத்தவேண்டும். வளைவின் மேற்பரப்பு இரு திசையிலும் வளைந்தது, கம்பியின் முகமோ தட்டையானது. ஆலையின் ஃபிட்டர், குழாயில் நீலமை தடவிக் கம்பியை வைத்து எடுத்து, மை ஒட்டிய மேடுகளை மட்டும் அரத்தால் ராவி, மறுபடி வைத்துப் பார்த்து முகத்தைப் பொருத்தினார். நடுவில் வைக்க மெல்லிய உலோகத்தகடு வேண்டும். மிருதுவான உலோகம் அழுத்தத்தில் மேடுபள்ளங்களுக்குள் புகுந்து காற்றை வெளியேற்றும். தங்கம் இதற்குச் சிறந்தது என்று ஆய்வுலகம் சொல்கிறது. எங்களுக்கு வெள்ளிதான் கட்டுப்படியாயிற்று. டவுனில் ஒரு நகை ஆசாரி, வெள்ளியைக் காய்ச்சி உருளையில் இழைத்து, கடைசியில் நெருப்பில் காட்டி இளக்கித் தந்தார். அந்தக் கடைசி இளக்கல் முக்கியம், இழைத்த வெள்ளி விறைத்துக் கிடக்கும்.

போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் சூடு ஏறி இறங்கும்போது பிடி தளர்கிறது. தட்டையான வாஷருக்குப் பதில் கிண்ண வடிவ வில் வாஷர்களை அடுக்கினோம். குழாய் விரிந்தால் அவை அமுங்கும், சுருங்கினால் நிமிரும், அழுத்தம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். விலை மலிவான இந்த ஒரு மாற்றம் எங்கள் அளவீடுகளுக்குச் செய்த நன்மை, சமிக்ஞைச் செயலாக்கத்துக்காக நாங்கள் எழுதிய நிரல்களுக்கும் மேல்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். இந்த அமைப்பில் கம்பியின் நுனியிலிருந்து ஓர் எதிரொலி வருகிறது, அதன்பின் குழாய்ச் சுவரின் மறுபக்கத்திலிருந்து இன்னொன்று. இரண்டுக்கும் இடையிலான நேரமே சுவரின் கனம். கம்பியில் ஒரு முனை சூடாகவும் மறுமுனை ஆறியும் இருப்பதால் அதற்குள் ஒலியின் வேகம் இடத்துக்கு இடம் மாறும். இரண்டு எதிரொலிகளும் அதே கம்பி வழியாகத்தான் வருகின்றன என்பதால் அந்தக் குழப்பம் தானாகவே கழிந்துவிடுகிறது. இது எல்லாரும் சொல்லும் பயன். இரண்டு எதிரொலிகளின் உயரத்தை ஒப்பிட்டால் இணைப்பின் நிலையும் தெரியும் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. இணைப்பு நன்றாக இருந்தால் ஒலி குழாய்க்குள் போகும். நுனி எதிரொலி சிறிதாகவும் சுவர் எதிரொலி பெரிதாகவும் இருக்கும். இணைப்பு விட்டால் நுனி எதிரொலி உயர்ந்து சுவர் எதிரொலி மறையும். படிகமோ அதன் மின்கம்பி இணைப்போ கெட்டால் இரண்டும் சேர்ந்து குறையும். குழாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லும் முன்பு, தான் உயிரோடு இருக்கிறதா என்பதை உணரியே சொல்லிவிடுகிறது. நாங்கள் பதிந்த ஒவ்வொரு கன அளவுக்கும் பக்கத்தில் இந்த விகிதத்தையும் எழுதினோம். விகிதம் எல்லைக்குள் இல்லாத அளவைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வெப்பநிலைத் திருத்தத்தையும் மறக்கக் கூடாது. எஃகு சூடானால் அதில் ஒலி மெதுவாகப் போகும். 55 டிகிரிக்கு ஒரு சதவீதம் என்பது மீயொலிச் சோதனைத் தொழிலில் புழங்கும் தோராயக் கணக்கு. 30 டிகிரியில் அளவு சரிசெய்த கருவியை 180 டிகிரிக் குழாயில் வைத்தால், 10 மில்லிமீட்டர் சுவர் 10.27 என்று காட்டும். கால் மில்லிமீட்டர் தேய்ந்துபோன குழாய் புதுக்குழாய் போலத் தெரியும். பிழை ஆபத்தான பக்கமாகவே போகிறது என்பதைக் கவனியுங்கள். ஆகவே ஒவ்வோர் அலைவடிவத்தோடும் குழாயின் வெப்பநிலை பதிவாகவேண்டும். வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிளை உணரிக்கு அருகிலேயே, வெப்பக்காப்புப் பஞ்சுக்கு உள்ளே வையுங்கள். வெளியே வைத்தது ஆலைக்குள் அடிக்கும் காற்றின் வெப்பநிலையைத்தான் சொல்லும். கணித்த கன அளவை மட்டும் சேமிக்காமல் முழு அலைவடிவத்தையும் சேமியுங்கள். திருத்தும் முறை பின்னால் மாறும், அலைவடிவம் இருந்தால் பழைய அளவுகளை மறுபடி கணக்கிடலாம்.

காலை அளவுகள் சில நாள் ஏறியும் இறங்கியும் வந்தன. திருத்தம் செய்த பிறகும் அப்படியே. கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் அட்டெண்டரிடம் கேட்டேன். "தங்கச்சி, அடுப்பு மூட்டி வால்வைத் திறந்த உடனே அளக்க வேண்டாம். குழாயில் நேற்றைய தண்ணீர் கிடக்கும். அது தட்டிக்கொண்டே போகும் சத்தம் எனக்குக் கேட்கும். சத்தம் நின்ற பிறகு பாருங்கள்" என்றார். குளிர்ந்த குழாயில் தங்கிய நீர், நீராவி பட்டு உந்தப்படும்போது குழாயை அறைவது தெரிந்த விஷயம்தான். குழாயின் மேற்பாதி சூடாகவும் அடிப்பாதி தண்ணீரால் ஆறியும் இருக்கும் அந்த நேரத்தில், ஒரே ஒரு தெர்மோகப்பிளை நம்பித் திருத்தம் செய்தால் தவறாகத்தான் வரும். "அண்ணாச்சி, சத்தம் எப்போது நிற்கிறது என்று நேரத்தை மட்டும் குறித்து வைக்க முடியுமா?" என்று கேட்டேன். அழுத்தமும் நீர்மட்டமும் எழுதும் பதிவேட்டிலேயே அவர் அதையும் எழுதத் தொடங்கினார். அந்தப் பதிவேட்டின் பக்கங்களை ஆய்வேட்டில் பின்னிணைப்பாகச் சேர்த்திருக்கிறேன்.

குளிர்ப் பக்கத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். இதே அமைப்பு குளிரில் என்னாகும் என்று பார்க்கத் திரவ நைட்ரஜன் வேண்டியிருந்தது, மைனஸ் 196 டிகிரி. பெரிய நகரத்து ஆய்வகங்களில்தான் கிடைக்கும் என்று நினைப்பார்கள். மாடுகளுக்குச் சினை ஊசி போடும் உறைவிந்து திரவ நைட்ரஜன் கலன்களில்தான் வைக்கப்படுகிறது. எனவே கால்நடைத் துறையினருக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும், அவர்கள் வழியாகவே எங்களுக்கும் வழி கிடைத்தது. குளிரில் எஃகைவிடப் பிசின் பல மடங்கு சுருங்கும், எபாக்சி ஒட்டுகள் கண்ணாடி போல விரிசல் விட்டன. வெள்ளித்தகடும் வில் வாஷரும் அங்கேயும் தாங்கின. ஒரு பாதுகாப்புச் செய்தி: ஆவியாகும் நைட்ரஜன் அறையிலுள்ள ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும், மூச்சுத்திணறல் தெரியும் முன்பே மயக்கம் வரும். சன்னல் கதவு திறந்திருக்கவேண்டும், தனியாக ஒருவர் ஒருபோதும் செய்யக் கூடாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. ஆற்றை ஒட்டியிருந்த எங்கள் கூடத்தின் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்தது. ஊரில் வீடும் கடையும் இழந்தவர்களுக்கு முன்னால் எங்கள் இழப்பு ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு தொழில்நுட்பப் பாடம் அதில் இருக்கிறது. அதிகச் சூட்டுக்கு நாங்கள் பயன்படுத்தியது, உலோக உறைக்குள் மெக்னீசியம் ஆக்சைடு பொடி அடைத்த கேபிள். ஆயிரம் டிகிரிக்கு அஞ்சாத அந்தப் பொடி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். முனைகள் சரியாக அடைக்கப்படாத கேபிள்களில் மின்காப்பு அறவே போயிருந்தது. முனையைச் சிறிது வெட்டியெறிந்து, மீதியை நன்றாகச் சூடேற்றி உலர்த்தி, உடனே அடைத்ததும் பெரும்பாலானவை மீண்டன. வெள்ளம் வராவிட்டாலும் கடற்கரைக் காற்றின் ஈரமே மெதுவாக இதைச் செய்துவிடும். சூட்டுக்கென்று வாங்கிய பொருளை ஈரத்திலும் சோதித்துப் பாருங்கள். மின்காப்புத் தடையை மாதம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். அலைவடிவங்களின் நகல் வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கணித மாதிரியைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. உங்கள் உணரி சொன்ன கனம் உண்மையென்று எப்படித் தெரியும் என்றார். அதற்கு என்னிடம் ஒரு குழாய் வளைவு இருந்தது. ஆண்டு நிறுத்தத்தின்போது ஆலை அந்த வளைவை மாற்ற முடிவு செய்ததும், பழையதை எடைக்குப் போடாமல் எங்களிடம் தரும்படி கேட்டு வாங்கியிருந்தேன். உணரி இருந்த இடத்தின் குறுக்கே அறுத்து, உருண்டை முனை மைக்ரோமீட்டரால் அளந்தோம். உள்பக்கம் குழிவாகத் தேய்ந்திருப்பதால் தட்டை முனை சரியாக அமராது. உணரி கடைசியாகச் சொன்னதற்கும் மைக்ரோமீட்டருக்கும் வித்தியாசம் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தது. இணைப்பு விகிதம் எல்லை தாண்டியதால் நாங்கள் ஒதுக்கியிருந்த அளவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டால் அந்த வித்தியாசம் பல மடங்காகியிருக்கும். அறுத்த துண்டை மேசையில் வைத்தேன், தேர்வாளர் அதைக் கையில் எடுத்துத் தேய்ந்த பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, விகிதத்தின் எல்லையை எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டார். அதன்பின் பேச்சு முழுவதும் அதைப் பற்றியே நடந்தது.

ஆய்வைத் தொடங்குகிறவர்கள் தங்கள் பக்கத்து ஆலைகளில் இப்போதே சொல்லி வையுங்கள். மாற்றும் குழாய்கள், வளைவுகள், தேய்ந்த தகடுகள் எதுவானாலும், எந்தத் தேதியில் எந்த இடத்திலிருந்து எடுத்தது, ஓட்டம் எந்தத் திசையில் இருந்தது என்று சுண்ணாம்புக் கட்டியால் அதன் மேலேயே எழுதி ஓரமாகப் போடச் சொல்லுங்கள். பழைய இரும்புக் கடைக்காரர் கொடுக்கும் எடை விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.